தலைப்பாகை முட்டாத கார்

ஜெர்மனியில், எசன் நகருக்கு வெளியே, மூடிப்போன ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் மதிலோடு ஒட்டினாற்போல, பழைய அமெரிக்கக் கார்கள் விற்கிற முற்றம் ஒன்று இருந்தது. 2007ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை காலையில், நேசமலரும் நானும் அங்கே போனோம். அவள் கையில் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. என்ன என்று கேட்டேன்.

“பிறகு காட்டுறன் அண்ணை. முதல்ல காரைப் பாப்பம்.”

நேசமலர் வுப்பர்டாலில் இருக்கிறாள். விடிய எழும்பி அலுவலகங்கள் துப்பரவாக்குகிற வேலை. வேலை தருகிற கொம்பனியின் வான் வண்டியில் மற்றப் பெண்களை ஏற்றி இறக்குவதும் அவள்தான். அந்த வேலையில் அவளுக்குப் பிடித்த பகுதி அது ஒன்றுதான். புருசன் தவராசா நெஞ்சு வருத்தம் வந்து இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் இல்லை.

அவள் கலியாணக் கார் ஓட முடிவெடுத்திருந்தாள். இங்கே எங்கள் ஆட்களின் கலியாணம் சனி ஞாயிறில் வாடகை மண்டபத்தில் நடக்கும். மாப்பிள்ளையை வீட்டிலிருந்து மண்டபத்துக்குச் சோடித்த காரில் கொண்டுபோவார்கள். அதற்கென்று ஜெர்மன்காரரிடம் நீளமான வெள்ளைக் கார் வாடகைக்குப் பிடிப்பார்கள். அதை ஏன் நான் செய்யக்கூடாது என்று நேசமலர் கேட்டாள். காரை வாங்கு, ஓடுவதற்கு ஒரு ஆம்பிளையைப் பிடி என்று எல்லோரும் சொன்னார்கள். தாலி கட்டப் போகிற மாப்பிள்ளையைப் புருசன் இல்லாத ஒருத்தி கொண்டுபோய் இறக்குவதா என்று சிலர் நேரேயே சொன்னார்கள்.

“கார் வாங்கிறதே நான் ஓடத்தான்” என்றாள் அவள். ஆட்களை ஏற்றி ஓடுவதற்கு இங்கே தனி அனுமதி வேண்டும். கண் டாக்டர், பொலிஸ் சான்று என்று அலைந்து அதையும் எடுத்து வைத்திருந்தாள்.

என்னை ஏன் கூட்டிப் போனாள் என்றால், நான் கார்ப் புத்தகங்கள் வாசிப்பவன். ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கிற சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. இளைப்பாறுகிற அறையில் யாரோ போட்டுவிட்டுப் போகிற பழைய கார் சஞ்சிகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அகராதியோடு இருந்து வாசிப்பேன். தனி ஆள். கலியாணம் கட்டவில்லை. சனிக்கிழமைகளில் என்னை யாராவது எங்காவது கூப்பிட்டால் மறுக்கிற வழக்கமும் இல்லை.

கார் விற்கிற பிரிங்மன், வயதான மனிதர், இரண்டு கார்களை வெளியே எடுத்து விட்டிருந்தார். நேசமலரிடம் இருந்த காசுக்கு இரண்டில் ஒன்றை வாங்கலாம்.

ஒன்று 1976ஆம் ஆண்டு கடிலாக். வெள்ளை நிறம், உள்ளே வைன் சிவப்பில் மெத்தை. கிட்டத்தட்ட ஆறு மீற்றர் நீளம். எட்டு சிலிண்டர். கியர் தானாக மாறும். ஸ்ரேறிங்கை ஒரு விரலால் சுற்றலாம். கண்ணாடி, இருக்கை எல்லாம் பொத்தானை அமத்த அசையும். எஞ்சினை ஸ்ராட் பண்ணினால் தூரத்தில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மற்றது 1951ஆம் ஆண்டு பிளிமத். கறுப்பு. கவிழ்த்து வைத்த பானை போல உருண்டு உயர்ந்திருந்தது. ஆறு சிலிண்டர், மூன்று கியர். கியர்த் தடி ஸ்ரேறிங்கோடு ஒட்டியிருக்கும். பற்றறி ஆறு வோல்ட். லைற் போட்டால் மெழுகுதிரி கொளுத்தியது போல இருக்கும். ஸ்ரேறிங்கைத் திருப்பத் தோள்மூட்டு வேண்டும். பிரேக்கை மிதித்தால் அது யோசித்துத்தான் நிற்கும். முதலாம் கியர், கார் உருளும்போது சும்மா போட விழாது, பல்லைக் கடிக்கும். பெல்ஜியத்தில் ஒரு டாக்டர் வைத்திருந்த காராம்.

இரண்டுக்கும் இடையில் கால் நூற்றாண்டு. பிளிமத்தைச் செய்தவர்கள் கஞ்சத்தனமாக, ஆனால் கவனமாகச் செய்திருந்தார்கள். கடிலாக்கைச் செய்தவர்களுக்குப் பெற்றோலும் இரும்பும் ஒருநாளும் முடியாது என்கிற நினைப்பு. எனக்கு அந்தத் தாராள நினைப்புத்தான் பிடித்திருந்தது. கலியாணம் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்.

“கடிலாக்கை எடுங்கோ நேசமலர்” என்றேன். “வீடியோவில சும்மா கப்பல் மாதிரித் தெரியும். ஓடவும் சுகம்.”

அவள் பையைத் திறந்தாள். உள்ளே மாப்பிள்ளைத் தலைப்பாகை. பொன் சரிகை வைத்து, மேலே குஞ்சமும் நெற்றியில் கல்லுப் பதக்கமும் உள்ளது. மணவறைச் சோடனை செய்கிற றீற்றாவிடம் இரவல் வாங்கியதாம்.

“இதைப் போட்டுக்கொண்டு ரெண்டிலயும் ஏறி இருங்கோ.”

“நானோ?”

“பின்ன நானே? உங்கட தலைதானே இவ்வளவு காலமும் சும்மா கிடக்குது.”

நான் போட்டேன். சலவைக்கூடத்து நீல ஜக்கெற், அதற்கு மேலே பொன் தலைப்பாகை. பிரிங்மன் வாயிலிருந்த சுருட்டைக் கையில் எடுத்தார். இவருக்குக் கலியாணமா என்று நேசமலரிடம் கேட்டார்.

“ஒத்திகை எண்டு சொல்லுங்கோ” என்றேன் நான்.

அவள் அவரின் காதோடு ஜெர்மனில் ஏதோ சொன்னாள். பிரிங்மன் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். என்ன சொன்னீங்கள் என்று கேட்டதற்கு, “பொம்பிளை இன்னும் சரிவரேல்லை எண்டன்” என்றாள்.

கடிலாக்கில் ஏறக் குனிந்தேன். குஞ்சம் கதவு விளிம்பில் பட்டு மடங்கியது. உள்ளே இருந்து நிமிர, கூரை தலைப்பாகையைக் கீழே தள்ளியது. பதக்கம் மூக்குக்கு வந்துவிட்டது.

“கழுத்தைக் கொஞ்சம் சரிச்சா இருக்கலாம்” என்றேன்.

“மாப்பிளை கழுத்துச் சுளுக்கோடயே தாலி கட்டுறது?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் கலியாண வீடியோக்களைப் பார்த்தால் தெரியும். காருக்குள் இருக்கிற மாப்பிள்ளைமார் எல்லோரும் காது வலி வந்தவர்கள் போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். மாமன் வைத்துவிட்ட தலைப்பாகையைத் தாலி கட்டி முடியும்வரை கழற்றக்கூடாது என்பது வழக்கம். கழற்றினால் சகுனப் பிழை.

பிறகு பிளிமத்தில் ஏறினேன். கதவு உயரம். இருக்கை வீட்டுக் கதிரை போல நிமிர்ந்திருந்தது. நேராக இருந்தேன். தலைப்பாகைக்கு மேலே நாலு விரல் இடைவெளி மிச்சம் இருந்தது.

பிரிங்மன் விளக்கினார். இந்தக் கார் செய்த காலத்தில் அமெரிக்காவில் ஆம்பிளைகள் தொப்பி போட்டுக்கொண்டுதான் வெளியே போவார்கள். தொப்பியோடு ஏறி இருக்க வேண்டும் என்றுதான் கூரையை உயர்த்தி வைத்தார்கள். பிறகு அமெரிக்கர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். கார் செய்கிறவர்கள் கூரையை இறக்கிவிட்டார்கள். நாங்கள்தான் இன்னும் தலைப்பாகையைக் கழற்றவில்லை.

நேசமலர் பிளிமத்தை வாங்கினாள். வீடு வரும் வழியெல்லாம் எனக்கு அந்த வெள்ளைக் காரின் நினைப்புத்தான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், பூட்டிக்கிடக்கும் ஒரு தளபாடக் கடையின் வாகனத் தரிப்பிடத்தில் அவள் பழகினாள். நான் பக்கத்தில் இருந்தேன். உருண்டுகொண்டிருக்கும்போது முதலாம் கியருக்கு இறங்க வேண்டுமென்றால் கிளச்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டும். ஒருதரம் மிதித்துத் தடியை நடுவுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, அக்சிலேற்றரை லேசாக அமத்தி எஞ்சினுக்கு ஒரு சின்னக் குடுப்புக் குடுத்து, பிறகு மறுபடி மிதித்துப் போட வேண்டும். பிந்தினாலும் பிழை, முந்தினாலும் பிழை. முதல் ஞாயிறு முழுக்க அந்தக் கார் தகரம் அரிகிற மாதிரிக் கத்தியது. மழைக்குள் நாய் கூட்டிக்கொண்டு போன ஒரு ஜெர்மன்காரி நின்று பார்த்துவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“கத்து, கத்து” என்று நேசமலர் காருக்குச் சொன்னாள். “எவ்வளவு நேரம் கத்துவாய் எண்டு பாப்பம்.”

மேமாதம் வர, அது கத்துவதை நிற்பாட்டிவிட்டது. கியர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. எனக்கும் ஆசை வந்தது.

“ஒருக்கா நான் ஓடிப் பாக்கட்டே?”

“இல்லை அண்ணை.”

“ஒரு சுத்துத்தான்.”

“கோவியாதேங்கோ. நீங்கள் பழகினா, வாற இடத்தில என்னை இறக்கிப்போட்டு உங்களை ஓடச் சொல்லுவினம். நீங்களும் பாவம், மாட்டன் எண்டு சொல்லத் தெரியாத ஆள்.” அவள் எஞ்சினை நிற்பாட்டினாள். “கடிலாக்கை ஏன் விட்டனான் எண்டு நினைச்சனீங்கள்? அதை ஆரும் ஓடலாம். ஆரும் ஓடுற காரெண்டா, அதில எனக்கு என்ன வேலை?”

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தலைப்பாகை பாதிக் காரணம்தான்.

விளம்பரம் தமிழ்க் கடைகளில் ஒட்டியிருந்தோம். ஆட்கள் ரெலிபோன் எடுத்தார்கள். காரின் படம் பிடித்திருக்கிறது என்பார்கள். றைவர் யார் என்று கேட்பார்கள். “நான்தான்” என்பாள். யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிடுவார்கள்.

“கேட்டால்தானே சொல்லவேணும்” என்றேன் ஒருநாள். “கேக்கிறதுக்கு முதல் கதையை மாத்திவிடுங்கோவன்.”

“ஒளிச்சு ஓடுறதுக்கு நான் என்ன களவெடுத்தனானே?”

ஆனி மாதத்துக்கு ஒரு கலியாணம் வந்தது. மாப்பிள்ளை கிருஷாந் தானே எடுத்துப் பேசினான். சின்ன வயதிலேயே இங்கே வந்து பெரியம்மா வீட்டில் வளர்ந்த பெடியன், கொம்பியூட்டர் வேலை, ஆறடிக்கு மேல் உயரம். அந்த உயரத்துக்காகத்தான் இந்தக் காரைத் தேடிப் பிடித்தானாம். றைவரைப் பற்றி அவன் கேட்கவில்லை. நேசமலர்தான் சொன்னாள்: “தம்பி, நான்தான் ஓடுவன். எனக்குப் புருசன் இல்லை. வீட்டில சொல்லிப்போட்டு முடிவைச் சொல்லுங்கோ.” அவன் அடுத்த நாளே எடுத்து, பிரச்சினை இல்லை அக்கா என்றான். வீட்டில் அவன் வாயே திறக்கவில்லை என்பது எங்களுக்குக் கலியாணத்தன்றுதான் தெரிந்தது.

வீடு வுப்பர்டாலில் ஒரு சரிவான தெருவில் இருந்தது. மண்டபம் அந்த மலைக்கு மேலே. நேசமலர் சாம்பல் நிறக் கோட்டும் காற்சட்டையும் போட்டிருந்தாள். நெற்றியில் பொட்டில்லை. நான் முன் பக்கத்தில் பூமாலை கட்டினேன். வீட்டு ஆட்கள் தட்டங்களோடு முன்னுக்கே போய்விட்டார்கள். மிச்சம் நின்றது மாப்பிள்ளை, தோழன், பெரியம்மா நாகலட்சுமி, அவவின் புருசன் கனகலிங்கம். தாய் தகப்பன் இலங்கையிலேயே இருப்பதால் இங்கே எல்லாம் நாகலட்சுமி சொல்வதுதான்.

மாப்பிள்ளையும் மாப்பிள்ளைத் தோழனும் ஆளுக்கொரு தலைப்பாகையோடு பின்னால் ஏறி நிமிர்ந்து இருந்தார்கள். கிருஷாந்துக்குச் சந்தோசம். கூரையைக் கையால் தடவிப் பார்த்தான்.

நாகலட்சுமி சுற்றுமுற்றும் பார்த்தா. “றைவர் எங்க?”

“நான்தான் அக்கா” என்றாள் நேசமலர்.

நாகலட்சுமி அவளின் நெற்றியைப் பார்த்தா. பிறகு கழுத்தை. பிறகு கண்ணை எடுத்து என்னைப் பார்த்தா. “தம்பி, நீங்கள் ஓடுங்கோ. பிள்ளை, குறை நினையாதேங்கோ. நல்ல காரியம். நீங்கள் உள்ளுக்கு இருந்து தேத்தண்ணி குடியுங்கோ.”

“எனக்கு ஓடத் தெரியாது” என்றேன்.

“லைசென்ஸ் இல்லையே?”

“இருக்குது. உந்தக் கார் ஓடத் தெரியாது.”

அது உண்மை. அன்றைக்கு நான் பொய் சொல்ல வேண்டி வரவில்லை.

“இதுக்கேன் கன கதை” என்று கனகலிங்கம் வேட்டியை மடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். “நான் டுசல்டோர்வில காலமெல்லாம் டாக்சி ஓடினனான். கொண்டாங்கோ திறப்பை.”

நேசமலர் கார்த் திறப்பை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் ஏறி இருந்தார். கால்களுக்கு நடுவே தடவினார். கண்ணாடியை இறக்கினார். “கியர் எங்க?”

“ஸ்ரேறிங்கில இருக்குது அண்ணை” என்றாள்.

“அப்ப உது சிக்னல் இல்லையே?”

பின்னால் தோழன் சிரித்தான். கனகலிங்கம் அவனைக் கண்ணாடியில் பார்த்து முறைத்துவிட்டு ஸ்ராட் பண்ணினார். கார் ஒரு தரம் துள்ளி நின்றது. மறுபடி ஸ்ராட். மறுபடி துள்ளல். மூன்றாம் தரம் துள்ளவில்லை, பின்பக்கமாக உருண்டது. வீட்டுக்காரரின் குப்பைத் தொட்டியில் மெதுவாக முட்டி நின்றது. தொட்டி விழுந்து பழைய மாலையும் வாழையிலைத் துண்டும் தெருவில் கொட்டின.

“பெரியப்பா” என்றது பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல், “எனக்கு இண்டைக்குக் கலியாணம்.”

“கார் பழுது” என்றார் கனகலிங்கம் இறங்கிக்கொண்டு. “உது ஓடாது. வாடா, எங்கட காரில ஏறு.”

அவர்களின் கார் சின்னது. கிருஷாந் இறங்கிப்போய்க் குனிந்தான். தலைப்பாகை கதவு மேல்விளிம்பில் முட்டியது. பின்பக்கமாக உள்ளே போகப் பார்த்தான். அதுவும் சரிவரவில்லை. நிமிர்ந்து நின்றான்.

“கழட்டிக் கையில வைச்சிருக்கட்டே?”

“கட்டின தலைப்பாவைக் கழட்டுறதோ? விசரே உனக்கு?” என்றா நாகலட்சுமி.

“அப்ப நடந்து போறன்.”

“மலைக்கு மேலயோ? முகூர்த்தம் பத்தரைக்கு.”

ஒரு வழக்கத்தைப் பிடித்தால் மற்ற வழக்கத்தை விட வேண்டும். நாகலட்சுமி இரண்டையும் மனதுக்குள் நிறுத்துப் பார்க்கிறது முகத்தில் தெரிந்தது. கடைசியில் நேசமலரைப் பார்க்காமல், காரைப் பார்த்துச் சொன்னா: “சரி. அவசரத்துக்குத் தோசமில்லை. மண்டபத்தடியில இறக்கிவிடுங்கோ. பின்னேரம் பொம்பிளை மாப்பிளை திரும்பி வாறதுக்கு நாங்கள் வேற ஒழுங்கு செய்வம்.”

நான் மூச்சு விட்டேன். வந்தவரைக்கும் போதும் என்று நினைத்தேன். என் இடத்தில் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

நேசமலர் கனகலிங்கத்திடம் திறப்பை வாங்கினாள். ஆனால் காரில் ஏறவில்லை.

“அக்கா, நான் அவசரத்துக்கு வந்த ஆள் இல்லை. கேட்டு, சொல்லி, ஒப்புக்கொண்டு வந்தனான். போகேக்கையும் நான்தான். தாலி கட்டினாப் பிறகு ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாறதும் நான்தான். ரெண்டுக்கும் ஓம் எண்டா ஏறுங்கோ. இல்லையெண்டா மாலையைக் கழட்டிக்கொண்டு நான் போறன்.”

அவள் குரல் உயரவில்லை. கை மட்டும் திறப்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

“என்ன, வெருட்டுறீரோ?” என்றார் கனகலிங்கம்.

“இல்லை அண்ணை. நாளைக்கு நாலு பேர் கேப்பினம், அண்டைக்கு நீதானே ஓடினாய் எண்டு. போகேக்க மட்டும் ஓடினது எண்டா, திரும்பி வாறதுக்கு ஏன் விடேல்லை எண்டும் கேப்பினம். அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை.”

கிருஷாந் பெரியம்மாவைப் பார்த்தான். “எனக்கு அக்கா முதலே சொன்னவ. நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை.”

“சொல்லியிருந்தா இந்தக் காரே வந்திராது” என்றா நாகலட்சுமி.

“அதுதான் சொல்லேல்லை.”

நாகலட்சுமி ஓம் என்று சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. பிளிமத்தின் முன்கதவைத் திறந்து ஏறி, நடுவில் போய், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. எங்கள் ஆட்களிடம் அதைவிடப் பெரிய ஓம் கிடைக்காது. மிச்சமிருந்த இடத்தில் நான் கதவோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். கனகலிங்கம் தன் காரில் பின்னால் வந்தார்.

தெருமுடிவில் ஏற்றம் தொடங்கியது. இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறினோம். பாதி மலையில் எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் வேகம் குறைந்தது. எங்கள் காரும் குறைந்தது. எஞ்சின் திணறியது. இந்த இடத்தில் நின்றால் பின்னால் கனகலிங்கத்தின் கார். நாகலட்சுமியின் கை என் முழங்கையைப் பிடித்தது. பிடிபட்டது யாருடைய கை என்று பார்க்கவும் அவவுக்கு நேரமில்லை.

நேசமலர் கிளச்சை மிதித்தாள், விட்டாள், எஞ்சினுக்கு ஒரு குடுப்பு, மறுபடி மிதித்தாள். தடி சத்தமில்லாமல் முதலாம் கியருக்குள் விழுந்தது. கார் ஒருதரமும் உதறாமல் தொடர்ந்து ஏறியது. பின்னால் தலைப்பாகைகள் இரண்டும் அசையவில்லை. நாகலட்சுமி கையை எடுத்துத் திரும்பவும் கைப்பையில் வைத்தா. நேசமலரின் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தா.

மண்டப வாசலில் நாதஸ்வரம் தொடங்கியது. கிருஷாந் குனியாமல் இறங்கினான். நாகலட்சுமி என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கி, ஆரத்தித் தட்டு எங்கே என்று சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே போனா. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நேசமலர் மண்டபத்துக்குள் போகவில்லை. என்னைப் போகச் சொன்னாள். நானும் போகவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து, அவள் கட்டிக்கொண்டு வந்த புட்டும் சம்பலும் சாப்பிட்டோம். உள்ளே கெட்டிமேளம் கேட்டபோது அவள் கையில் இருந்த புட்டுப் பிடியைப் பிசைந்தபடி கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு சாப்பிட்டாள்.

“வேற கார் கொண்டருவினமோ?” என்றேன்.

“கொண்டந்தா, அதுக்கு முன்னால கொண்டுபோய் என்ர காரை விடுவன்.”

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு கறுப்பு பி.எம்.டபிள்யூ வந்து வாசலுக்குப் பக்கத்தில் நின்றது. யாரோ அதில் ஒரு ரிப்பன் கட்டினார்கள். நேசமலர் அதைப் பார்த்தாள். காரை விட்டு இறங்கி, வாடத் தொடங்கியிருந்த எங்கள் மாலைக்குப் போத்தல் தண்ணீர் தெளித்தாள். பின் இருக்கையைத் துடைத்தாள். தோழன் விட்டுவிட்டுப் போன குடையை, கூறைச் சேலையோடு வரப்போகிற பொம்பிளைக்கு இடம் வேண்டுமென்று எடுத்துப் பின்பெட்டியில் போட்டாள். பிறகு ஏறி, ஸ்ராட் பண்ணி, அந்தக் கனமான ஸ்ரேறிங்கை இரண்டு கையாலும் வலித்துச் சுற்றி, காரை முன்னும் பின்னுமாக எடுத்து, பி.எம்.டபிள்யூவுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டாள்.

நாலு மணியளவில் நாகலட்சுமி தனியாக வெளியே வந்தா. கையில் குங்குமச் சிமிழ். முகத்தில் களைப்பு. ரிப்பன் கட்டிய காரையும் பார்த்தா, எங்கள் காரையும் பார்த்தா. பிறகு எங்கள் கண்ணாடியடிக்கு வந்து குனிந்தா.

“பொம்பிளை மாப்பிளை வரப்போகினம் பிள்ளை. காரைத் திருப்பி வையுங்கோ.”

“திருப்பித்தான் வைச்சிருக்கிறன் அக்கா” என்றாள் நேசமலர்.